எறும்பு கடித்த இடம்

"ட்ரெய்லர்ல முதல்ல கருப்பு," என்றார் டைரக்டர் கிரிதர். "திரையில ஒண்ணுமே இருக்கக்கூடாது. பாக்குறவன் போன்ல சார்ஜ் போயிருச்சான்னு தட்டிப் பாக்கணும். அப்ப அந்தக் குழந்தை அழுகை. வெறும் அழுகை மட்டும். அப்புறம் டொம்." டொம் என்று சொல்லும்போது சோபாவின் கைப்பிடியில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் சொக்கநாதனின் மடியில் காராசேவுப் பொட்டலம் ஒரு குதி குதித்து அடங்கியது. மாரிக்கனி அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எடிட்டிங் அறையில் மெஷின் முன்னால் உட்காருகிறவர்களுக்கு அதுதான் வசதி, முகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். "சரி சார்" என்றாள். சொன்னது வாய். உள்ளே காலையிலிருந்து வேறு ஒருத்தி உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு சாரும் கிடையாது, சரியும் கிடையாது. மானிட்டரில் கருப்பு வந்தால் அது கண்ணாடி ஆகிவிடும். அந்தக் கண்ணாடியில் சோபா தெரிந்தது, சோபாவில் இரண்டு பேர் தெரிந்தார்கள், சோபாவில் இடம் இருந்தும் அதில் உட்காராமல் ஓரமாக ஸ்டூலில் குந்தியிருக்கும் வேல்துரை தெரிந்தான். இணை இயக்குநர்கள் டைரக்டர் பக்கத்தில் சோபாவில் உட்கார மாட்டார்கள். வேல்துரை இந்தப் படத்துக்கு இணை இயக்குநர். அவளுக்குப் புருஷன். மடியில் கையை வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக, டைரக்டர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கையை அவள் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டாள், பார்த்தால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது, அதனால் முகத்தை மட்டும் பார்த்தாள், முகம் எப்போதும்போல பாவமாகத்தான் இருந்தது.

"போடும்மா கனி, அழுகையைப் போடு," என்றார் கிரிதர். போட்டாள். கருப்பு. கருப்புக்குள்ளிருந்து குழந்தை அழுதது. முதலில் ஒரு வீல், அப்புறம் மூச்சை இழுத்துப் பிடித்து, வருமா வராதா என்று ஒரு நொடி தொங்கி, அப்புறம் கூரையைப் பிய்த்துக்கொண்டு வரும் அழுகை. அந்த மூச்சு தொங்கும் இடத்தில்தான் மாரிக்கனிக்கு மாரில் ஊசி குத்துவதுபோல் சுரீர் என்று இறங்கியது. பால். இன்றைக்கு இதோடு எத்தனையாவது தடவையோ. காலையிலேயே கைக்குட்டை இரண்டை மடித்து உள்ளே வைத்திருந்தாள், இரண்டும் நனைந்து, இப்போது துப்பட்டாவை முன்னால் இழுத்துப் போட்டு அதன்மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது, ஒரு கையால் மவுசைப் பிடித்துக்கொண்டு. இந்த உடம்புக்கு அறிவே கிடையாது. அழுகிறது பழைய அழுகை, போன மழைக்காலத்தில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு செட்டில் அழுத அழுகை, அன்றைக்கே பாலைக் குடித்து, ஏப்பம் விட்டு, தூங்கியும் ஆயிற்று. இப்போது மகள் ஆதிரை கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்காவின் மடியில் உட்கார்ந்து அவள் செயினைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பாள், சுவரைப் பிடித்து நான்கு எட்டு நடப்பாள், விழுந்தால் தானே சிரிப்பாள். இதையெல்லாம் மாருக்கு யார் சொல்வது. அது கேட்கிறது, ஓடி வருகிறது. கேட்ட உடனே ஓடி வருகிறது. அன்றைக்கும் அவள் ஓடித்தான் வந்தாள், டீ கிளாஸைக் கீழே வைத்தாளா போட்டாளா என்று நினைவில்லை, செட்டுக்கு அந்தப்பக்கம் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னாலிருந்து கேபிள் எல்லாம் தாண்டி ஓடி வந்தாள். டீ குடிச்சிட்டு வா என்று அனுப்பியதே வேல்துரைதான். "நீ இங்க நின்னா அவ உன்னயே பாப்பா, ஷாட் ஆகாது. போய் ஒரு டீயக் குடி, நான் பாத்துக்கிடுதேன்." நான் பாத்துக்கிடுதேன்.

சினிமாவில் கைக்குழந்தை வேண்டுமென்றால் யாரும் ஊர் சுற்றித் தேட மாட்டார்கள். யூனிட்டிலேயே யார் வீட்டில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். லைட்மேன் பிள்ளை, மேக்கப்காரர் பேத்தி, அப்படி எத்தனையோ பிள்ளைகள் பெரிய பெரிய கதாநாயகர்களுக்கு மகனாகவும் மகளாகவும் ஒரு ஷாட் படுத்திருந்து, பால் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கின்றன. அது ஒரு பெருமை. மாரிக்கனிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம், தங்கச்சியிடம், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பேச்சித்தாயிடம் எல்லாம் சொன்னாள், எம்மவ படத்துல நடிக்கா, வில்லன் வீட்டுக்குள்ள வந்துருதான், தொட்டில்ல பிள்ளை கெடக்கு, அதுதான் படத்துக்கே உசுரு. தொட்டிலுக்கு வீட்டுச் சேலையையே கொண்டு போயிருந்தாள், மகளுக்கு வாசனை மாறக்கூடாதென்று. அவள் ஓடி வந்து சேரும்போது ஷாட் முடிந்து எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே டேக். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேல்துரை நின்றான், முகமெல்லாம் சிரிப்பு, "பசி போல, கரெக்டா ஆக்‌ஷன் சொன்னதும் அழுதுட்டா, நம்ம வீட்டு ரத்தம்லா." அவளும் சிரித்தாள். கேரவனுக்குப் பின்னால் மறைவில் உட்கார்ந்து பால் கொடுக்கும்போதுதான் பாதத்தைப் பார்த்தாள். வலது உள்ளங்காலில் ரத்தம் கட்டினதுபோல் சிவப்பு, பக்கத்திலேயே இன்னொன்று. "ஏங்க, இங்க பாருங்க, எறும்பு கடிச்சிருக்கு." அவன் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டுத் தொட்டில் கட்டியிருந்த இடத்துக்குப் போய்ச் சேலையை அவிழ்த்துக்கொண்டு வந்தான். இரண்டு பேருமாக உதறினார்கள். ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள், இன்னொரு முனையை அவன் பிடித்துக்கொண்டான், போர்வை உதறுவதுபோல். அவள் செட் போட்ட ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆளைக் கூப்பிட்டு, பச்சைப் பிள்ளையைப் போடுற எடத்துல மருந்து அடிக்கத் தெரியாதாண்ணே என்று வாய் நிறையத் திட்டினாள், அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்போதுதான் இவன் மடிப்புக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்கி அவளிடம் நீட்டினான். "இந்தா, இதாம்." கட்டெறும்பு. கறுப்பாக, காலெல்லாம் சுருண்டு. அவள் அதை வாங்கிக்கூடப் பார்த்தாள்.

எங்கிருந்து எடுத்தான் அதை. காலையிலிருந்து மனசு வேறெங்கும் போகாமல் அந்த எறும்பிலேயே வந்து வந்து முட்டியது. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் செக்குமாடுபோல் அங்கேதான். நிஜமாகவே சேலையில் இருந்ததா, இல்லை போகிற வழியில் தரையிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தானா. பிடித்து, விரலுக்குள் வைத்துக்கொண்டு, சேலையை உதறுவதுபோல் உதறி, மடிப்புக்குள் கையை விட்டு எடுப்பதுபோல் எடுத்து. அப்படியானால் நடக்கும்போதே யோசித்திருக்கிறான். பிள்ளையை அவன் கிள்ளியது ஒரு ஆத்திரம், அவசரம், டைரக்டர் சீக்கிரம் சீக்கிரம் என்கிறார், லைட் போகிறது, பிள்ளை தூங்குகிறது, என்ன செய்வது என்று ஒரு கிறுக்கு வந்துவிட்டது என்றால்கூட ஒரு மூலையில் வைத்து அடித்துத் துவைத்து மன்னித்துத் தொலைக்கலாம். எறும்பு அப்படி இல்லை. எறும்பைக் குனிந்து பிடிக்க வேண்டும். அது ஓடும், துரத்த வேண்டும். அன்றைக்கு ராத்திரி அவள் எறும்புச் சாக்பீஸ் வாங்கி வரச் சொன்னாள், வாங்கி வந்தான். அன்றிலிருந்து தினமும் பிள்ளை படுக்கும் பாயைச் சுற்றிக் கோடு போடுகிறாள், நாலு பக்கமும், கோலம் போடுவதுபோல் குனிந்து நகர்ந்து நகர்ந்து. வீட்டில் எங்கே எறும்பு ஊர்ந்தாலும் துடைப்பத்தோடு பாய்வாள், தங்கச்சி வந்தபோது, என்னக்கா எறும்புக மேல இப்படி ஒரு கொலவெறி என்று கேட்டு எல்லாரும் சிரித்தார்கள், இவனும் சிரித்தான். அவள் கோடு போடும்போது கட்டிலில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டே, "அந்த மூலையில விட்டுட்டியே," என்று சொல்லியும் இருக்கிறான். விட்டுட்டியே.

"இப்ப வில்லன் வாய்ஸ்," என்றார் கிரிதர். "ஆள் முகத்தக் காட்டக்கூடாது. அவன் யாருன்னு உனக்குத் தெரியாதுடா, அப்படின்னு அடித்தொண்டைல. அப்ப ஹீரோ பின்கழுத்து. மழை. ஷூ தண்ணில மிதிக்குது." "அந்தத் தண்ணியில மிதிக்கிறது போன படத்துலயும் வச்சோம்லய்யா," என்றார் சொக்கநாதன் காராசேவை மென்றபடி. "எல்லாப் படத்துலயும் வைப்பாங்க சார். வைக்கலேன்னாதான் கேப்பாங்க." "என்னமோ போ. எனக்கு நாலு கார் பறக்கணும், அம்புட்டுத்தான். கார் பறந்தாத்தான் படம் விக்கும்." மாரிக்கனி பின்கழுத்தை எடுத்து வைத்தாள், ஷூவை எடுத்து வைத்தாள். ராபின் சார் காய்ச்சலில் படுத்துவிட்டதால் இன்றைக்கு இந்த நாற்காலி அவளுக்கு. படத்தை வெட்டியது வேறு இடம், ட்ரெய்லர் வெட்டுவது மட்டும்தான் ராபின் சாரின் இந்த அறை, இதில் அவள் உதவியாள். வேறு நாளாக இருந்தால் குதித்திருப்பாள். ட்ரெய்லர் வெட்டுவது அவளுக்கு ரொம்பப் பிடித்த வேலை, சமையல் மாதிரி, எதை முதலில் போடுவது எதைக் கடைசியில் தாளிப்பது என்று கை தானாகச் சொல்லும். கரும்பலகையில் ஓட்டை விழுந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, சங்கரன்கோயிலில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் உட்கார்ந்தபோதே இதெல்லாம் படிந்துவிட்டது. அங்கேயும் விதி உண்டு. தாலி கட்டும்போது ரோஜா விரிய வேண்டும். பொண்ணு வண்டி ஏறும்போது அழ வேண்டும். ஒரு பொண்ணு அழவே இல்லை, சிரித்துக்கொண்டே டாட்டா காட்டிப் போய்விட்டது, ஸ்டுடியோ ஓனர் இன்னொரு பொண்ணின் அழுகைச் சத்தத்தை எடுத்து இதற்கு ஒட்டிவிட்டார். ரெண்டு வீட்டுக்காரர்களும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள். யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று. ஒட்டியிருக்கலாமே, இவர்களும் ஒட்டியிருக்கலாமே. மெஷினுக்குள் தேடினால் எத்தனை குழந்தை அழுகை கிடக்கிறது, கத்திச் சத்தம், கண்ணாடி உடையும் சத்தம், எலும்பு முறியும் சத்தம் என்று வரிசையாகக் கிடக்கிறது. எலும்பு முறியும் சத்தத்துக்கு யாரும் யார் எலும்பையும் முறிக்கவில்லை, முருங்கைக்காயை முறித்தார்கள். பிள்ளை அழுவதற்கு மட்டும் பிள்ளையைக் கிள்ள வேண்டுமா.

டைரக்டர்தான் இன்றைக்குக் காலையில் போன் செய்து, அழுகை இன்னும் நீளமாக வேண்டும், ஒரிஜினல் ரஷ்ஷில், வெட்டாமல் எடுத்தபடியே கிடக்கிறதில் பார் என்றார். படத்தில் அந்த ஷாட் பிள்ளை அழ ஆரம்பித்த பிறகுதான் தொடங்கும். அதற்கு முன்னால், டைரக்டர் அந்தப்பக்கம் வில்லனுக்கு வசனம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்திலேயே கேமரா ஓடிக்கொண்டிருந்தது யாருக்கு ஞாபகம். அவள் திறந்தாள். அறையில் அவள் மட்டும், ஏசிச் சத்தம் மட்டும். கிளாப் அடிக்கவில்லை, பச்சைப் பிள்ளை பயந்துவிடும் என்று மெதுவாகப் பலகையைக் காட்டிவிட்டு எடுத்துவிட்டார்கள். தொட்டில். அவளுடைய மயில்கழுத்துச் சேலை. ஆதிரை தூங்கினாள். தூக்கத்தில் உதடு மட்டும் குவிந்து குவிந்து பால் குடித்தது. ஐயோ எவ்வளவு சின்னதாக இருந்திருக்கிறாள் என்று மாரிக்கனி சிரித்தாள், சத்தமாகவே சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது வந்தது. வலதுபக்கத்திலிருந்து ஒரு கை. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, கயிற்றில் செம்புத் தாயத்து, ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது முப்பிடாதியம்மன் கோயிலில் அவளே வாங்கி அவளே முடிச்சுப் போட்ட கயிறு. கை அவசரப்படவில்லை. சேலையை விலக்கியது. பாதத்தைத் தடவிப் பார்த்தது, மாம்பழம் பார்ப்பதுபோல். கிள்ளியது. பிள்ளை காலை இழுத்துக்கொண்டு நெளிந்தது, அழவில்லை, இன்னும் தூக்கம் போகவில்லை. கை மறுபடி தேடியது. காலைப் பிடித்து வெளியே இழுத்தது. இந்தத் தடவை கிள்ளித் திருகியது. அப்புறம் வீல். கை போய்விட்டது. ஆக்‌ஷன் என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

மதியம் டைரக்டரோடு அவனும் வந்தான். அவள் எழுந்து தண்ணீர் கொடுத்தாள். கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தாள், தம்ளரை வாங்கும்போது அந்தக் கயிறு அவள் விரலில் உரசியது. தடுப்பூசி போடும் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்ட ஆள் இவன், என்னால பாக்க முடியாது கனி, நீயே பிடிச்சுக்கோ என்று. பிள்ளைக்குக் குளிப்பாட்டி விடுவான், பீத்துணி அலசுவான், ராத்திரி தோளில் போட்டு மொட்டைமாடியில் நடப்பான், அதே கை, அந்தக் கைக்கு எங்கிருந்து வந்தது அவ்வளவு நிதானம். அவனுக்கும் படம் பண்ண வேண்டும். பத்து வருஷமாக அடுத்தவன் படத்துக்கு ஓடுகிறான். ஒரே டேக் என்று டைரக்டர் முதுகில் தட்டினால் அவனுக்கு ஒரு வாரம் தூக்கம் நன்றாக வரும், அவளுக்கும் அது தெரியும், அவளும் அதற்காகச் சாமி கும்பிட்டவள்தான். அதற்குப் பிள்ளையின் உள்ளங்காலா. கோபம் என்றால் அவளுக்குத் தெரிந்தது கத்துவது, தட்டை எறிவது, அரைமணி நேரத்தில் வந்து சாப்பிடுங்க என்பது. இது அப்படி இல்லை. இது அடுப்பை அணைத்த பிறகும் கல்லில் இருக்கிற சூடு, தொட்டால் தெரியும். கூடவே பயம். இதை அவள் சொல்லிவிட்டால் அப்புறம் சொல்லாதது ஆகாது. வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, அவன் அழுது, காலில் விழுந்து, அவளும் அழுது, அப்புறம் நாளைக்குப் பிள்ளை எதற்காவது அழும்போது இவள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து முதலில் பிள்ளையைப் பார்ப்பாளா அவன் கையைப் பார்ப்பாளா. அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது. ஒரு வழி விட்டு வைத்தாள். அவனாகச் சொல்லட்டும். சார், அந்த அழுகை வேண்டாம், வேறு வைப்போம். அவ்வளவுதான். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். இந்தச் சத்தம் நாளைக்குத் தெருவெல்லாம், பஸ்ஸெல்லாம், டீக்கடை டிவியெல்லாம் கேட்கப்போகிறது, அவன் காதில் விழத்தானே போகிறது, வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டால் இந்தக் கோபத்தில் பாதியை விட்டுவிடுகிறேன், பாதிக்கு மேலேயே விட்டுவிடுகிறேன்.

"சார்," என்றான் வேல்துரை ஸ்டூலிலிருந்து. அவள் கை மவுசில் நின்றது. "ஒரு ஐடியா சார். கார் பறந்து முடிஞ்சி டைட்டில் வருதுல்லா, அதுக்கப்புறம் மறுபடியும் கருப்பு. மறுபடி அந்த அழுகை. முதல்ல கேட்டதே. இந்தத் தடவ பாதியில கட். அப்படியே நின்னுரும் சார் மனசுல." கிரிதர் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா சார், இவன்கிட்ட இதான். கனிம்மா, உன் வூட்டுக்காரர் அடுத்த வருஷம் தனியா படம் பண்ணலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்." கண்ணாடியில் அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். பாதியில் கட். மாரிக்கனி திரும்பவில்லை. மார் கனத்துக் கல்லாகியிருந்தது, துப்பட்டாவில் ஈரம் படர்ந்து இனி மறைக்க இடம் இல்லை, மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. மறுபடி அழுகையைப் போட்டார்கள். டொம்மை முன்னால் தள்ளினார்கள், பின்னால் தள்ளினார்கள், ஒவ்வொரு தள்ளலுக்கும் பிள்ளை ஒரு தடவை அழுதது. "என்னமோ இடிக்குதே," என்றார் கிரிதர். "அழுகை திடீர்னு வருது. அதுக்கு முன்னால ஒரு மூச்சு வேணும். தூங்குற மூச்சு. கருப்புல மூச்சு, அப்புறம் அழுகை. முழு டேக் இருக்காம்மா?" "அதுல இருக்காது சார்," என்றான் வேல்துரை, கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னான். "ரோல் ஆகும்போதே அழுதுட்டா." "இருக்கு சார்," என்றாள் மாரிக்கனி. "படத்தோட போடுதேன், பாருங்க." குரல் சாதாரணமாகத்தான் வந்தது. இட்லிக்கு மாவு இருக்கு என்று சொல்வதுபோல். போட்டாள்.

தொட்டில். மயில்கழுத்துச் சேலை. குவிந்து குவிந்து பால் குடிக்கும் உதடு. "அழகு," என்றார் சொக்கநாதன். "எம் பேத்தி மாதிரியே." வலதுபக்கத்திலிருந்து கை வந்தது. சேலையை விலக்கியது. "யோவ்," என்றார் சொக்கநாதன், காராசேவை மெல்லுவதை நிறுத்திவிட்டு. கை கிள்ளியது, காத்திருந்தது, காலை வெளியே இழுத்தது. "சார், இது என்னது சார், பயமா இருக்கு," என்று கிரிதர் சோபா நுனிக்கு வந்துவிட்டார். "யாருது இந்தக் கை? வில்லன் கை இப்படித்தான சார் இருக்கும். கயிறு, தாயத்து, முகம் இல்ல. இதை வச்சுத் தொடங்கினா எப்படி இருக்கும், சொல்லுங்க. கனிம்மா, நிறுத்தாத, அப்படியே விடு." அவள் நிறுத்தவில்லை. கை திருகியது. பிள்ளை வீலென்றது, மூச்சு தொங்கியது, பெரிய மானிட்டரில் வாய் மட்டும் திறந்து சத்தமே வராத அந்த ஒரு நொடி. ஸ்டூல் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. "கனி, போதும், வேறத எடு," என்று காதுக்குப் பக்கத்தில் மெதுவாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே கீபோர்டுக்குக் கையை நீட்டினான். வலதுபக்கத்திலிருந்து வந்தது. கறுப்புக் கயிறு, செம்புத் தாயத்து. அவள் போட்ட முடிச்சு.

"கையை எடு," என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து எடுங்க, வாங்க, போங்க. இந்த எடு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது, ஊர்ப் பிள்ளைகளைச் சொல்வதுபோல், ஆட்டுக்குட்டியைச் சொல்வதுபோல் வந்துவிட்டது. சத்தமாகக்கூட இல்லை. அவன் எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றாமல் நின்றுவிட்டான், விரல் கீபோர்டுக்கு மேலே அந்தரத்தில். அவள் ஒரு பட்டனைத் தட்டி, கை திருகும் இடத்துக்குத் திருப்பித் திரையை நிறுத்தினாள். மேலே ஒரு கை, கீழே ஒரு கை. சோபாவில் இருந்த இரண்டு பேரும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் கண்ணை ஓட்டினார்கள். "டேய் வேலு," என்றார் கிரிதர். "தானா அழுதுச்சின்னு சொன்னியேடா." "ஷாட்டுக்காக சார். லைட் போயிட்டு இருந்துச்சு. நீங்கதான் சார் சீக்கிரம் சீக்கிரம்னு." "நான் என்னடா சொன்னேன், நான் கிள்ளவா சொன்னேன்." சொல்லிவிட்டுத் திரையை மறுபடி பார்த்தார். அந்தப் பார்வையை மாரிக்கனி கவனித்தாள், வருத்தமும் இருந்தது, கூடவே அந்தக் கையை விடவும் மனசில்லை, வேறு ஒரு ஆளை வைத்து, வேறு ஒரு பொம்மையை வைத்து அப்படியே எடுத்துவிடலாமா என்று கண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. "அந்த அழுகை வேண்டாம் சார்," என்றாள் அவள். "வேணும்னா வேற ஆளை வச்சு வெட்டிக்கோங்க. நான் வைக்க மாட்டேன். பிள்ளைக்கு அம்மா நான், அந்த அழுகைய நான் குடுக்கல." சொக்கநாதன் காராசேவுப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார். "எடுத்துரும்மா. முதல்ல அதை எடு. எவனாவது மோப்பம் பிடிச்சு போன்ல போட்டான்னா படம் ஊத்திக்கும். படத்துலயும் அந்தச் சத்தம் வேணாம் கிரி, ஏதாவது பொம்மைச் சத்தம் போட்டுக்க." பிள்ளைக்கு வலித்தது என்பதற்காக இல்லை. படத்துக்கு வலிக்கும் என்பதற்காக. அதுவும் தெரிந்தது அவளுக்கு, அதற்கும் ஒரு கோபம் வந்தது, ஆனால் வரிசையில் அது பின்னால் நிற்கட்டும். முதல் அழுகையைத் தொட்டாள், தட்டினாள், போயிற்று. டைட்டிலுக்குப் பின்னால் இருந்த பாதி அழுகையையும் தட்டினாள். டைட்டில் இன்னும் முடிவாகாததால் அந்த இடத்தில் "டைட்டில் இங்கே" என்று மட்டும் எழுதியிருந்தது. துப்பட்டாவைத் தோளில் போட்டாள், ஈரத்தோடு எழுந்தாள், மூன்று ஆண்களும் வேறு பக்கம் பார்த்தார்கள். "பிள்ளைக்குப் பால் குடுக்கப் போகணும் சார். ராபின் சாருக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

படிக்கட்டில் அவன் பின்னால் ஓடி வந்தான். "ஏட்டி, நில்லு. நான் சொல்லுததைக் கேளு. ஒரு நிமிஷத்து வேலை அது, என்னமோ கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆயிட்டு, அன்னைக்கு ராத்திரி பூரா நான் தூங்கல, உனக்கு எப்படிச் சொல்லுவேன். சாமி சத்தியமா அவளுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுதான் மெதுவா." உள்ளே, மேலே, கிரிதர் ட்ரெய்லரை முதலிலிருந்து ஓட்டுவது கேட்டது. கேட்டது என்றால் எதுவும் கேட்கவில்லை, கருப்புக்கு உண்டான நேரம் முழுக்கச் சத்தமே இல்லை, அப்புறம் ஒரு டொம். முதல் தடவையாக மாரில் எதுவும் குத்தவில்லை. மாரிக்கனி திரும்பி அவனைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள், கை படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது அது ஒன்றுதான்.

"அந்த எறும்பை எங்கேருந்து பிடிச்சீங்க?"

அவன் புருவத்தைச் சுருக்கினான். யோசித்தான், நிஜமாகவே யோசித்தான், முகத்தில் பொய் இல்லை. "எந்த எறும்பு?" என்றான்.

அவள் திரும்பிக்கொண்டாள். இறங்கினாள். கீழ்ப் படியில் யாரோ பஜ்ஜித் துண்டைப் போட்டிருந்தார்கள், சுவர் இடுக்கிலிருந்து கட்டெறும்புகள் வரிசை கட்டி வந்து, ஆளுக்கொரு துணுக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தன. கால் தானாக ஓங்கியது, பழக்கம். அப்படியே நிறுத்தினாள். செருப்பைத் தள்ளி வைத்து, ஒரு படியைத் தாண்டி, வரிசை கலையாமல் அந்தப்பக்கம் இறங்கி, பிள்ளையிடம் போனாள்.